தொட்டி பற்றி ஒரு திருத்தம்

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முணுமுணுக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, இழுத்துப் போர்த்தித் தூங்கி, சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்பி இதை ஆரம்பிக்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பத்திரிகை வேலையில் சேர்ந்த புதிதில், போன வருடத்து வெள்ளப் படத்தை இந்த வருடத்தது என்று அச்சேற்றிவிட்டேன். மறுநாள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, தப்பு எழுத்துல நடந்திருக்கு, திருத்தமும் எழுத்துலதான் வரணும் என்றார். முப்பத்துநாலு வருடத்தில் அந்தத் தப்பை நான் மறுபடி செய்யவில்லை. ரிட்டையர் ஆன பிறகு உன்னிடம் செய்திருக்கிறேன். நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்கு அனுப்பிய, நீ என்னிடம் விட்டுப்போன மீன் தொட்டியின் படங்கள் எல்லாம் பழையவை. நீயும் ஒவ்வொரு தடவையும் சூப்பர்மா என்று பதில் போட்டாய்.

உண்மையில் தொட்டி முழுக்கப் பாசி பிடித்துவிட்டது. கல்லெல்லாம் பச்சை முடி முளைத்து, பொத்தான் பொத்தானாக விரியும் உன் பவளம் பாதி அதற்குள் மூழ்கிவிட்டது. நானும் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தேன், இரண்டே நாளில் திரும்ப வந்தது. போதாததற்கு ஒரு மூலையில் பசை விட்டுத் தண்ணீர் கசிந்தது, அடியில் துண்டு வைத்துச் சமாளித்தேன். இதற்கிடையில் கண் ஆபரேஷன் முடிந்து சித்தி வந்தாள். புதுக்கண் அல்லவா, என் வீட்டு ஒட்டடை முழுவதையும் எண்ணிவிட்டு நேராகத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். ஏன்க்கா, இது மீன் தொட்டியா, மாடு மேய விடலாம் போலிருக்கே, பையனுக்குத் தெரியுமா என்றாள். தெரியும் என்று அவளிடமும் ஒரு பொய் சொன்னேன். அவள் போனதும், நீ வழக்கமாக வாங்கும் கடல்மீன் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

அவர் தொட்டியைத் தொடக்கூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு விளக்கு எத்தனை மணி நேரம் எரியுது, தீனி எத்தனை வேளை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊரையெல்லாம் கேள்வி கேட்டவள் குற்றவாளி மாதிரி உட்கார்ந்து பதில் சொன்னேன். காலை ஆறு மணிக்குப் போட்டால் படுக்கும்போதுதான் அணைப்பேன், ஹாலுக்கு அந்த வெளிச்சமே போதும் என்று டியூப்லைட் போடுவதில்லை. சாப்பாட்டு நாற்காலியையும் தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டேன். நான் தட்டோடு உட்கார்ந்ததும் உன் இன்ஸ்பெக்டர் மீன் ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்கும், அதைப் பார்க்க வைத்துக்கொண்டு நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது, அதற்கும் ஒரு சிட்டிகை போடுவேன். காபி குடித்தாலும் போடுவேன். அவர் கேட்டுவிட்டு, மிச்சத் தீனியும் நாள் பூரா வெளிச்சமும் கிடைச்சா பாசி ஏம்மா போகப்போகுது, மீனுக்கு ஒரு வேளை போதும், நாலு வேளை யாருக்குப் பசிச்சுது என்றார். முடியலைன்னா மீனை நானே எடுத்துக்கறேன் என்றும் சொன்னார்.

அதற்குத்தான் பயந்தேன் கண்ணா. உனக்குத் தெரிந்தால் நீயும் கொடுத்துடும்மா, உனக்கு எதுக்குச் சிரமம் என்பாய். என் மேல் இருக்கும் அக்கறையில்தான் சொல்வாய், நானும் கொடுத்துவிடுவேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் முதலில் கேட்பது தொட்டி எப்படி இருக்கு என்பதைத்தான். அது போய்விட்டால் அப்புறம் நாம் எதைப் பேசுவது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் இதைவிட இரண்டு மடங்கு பெரிய தொட்டியாக வையுங்க, தண்ணி அதிகம் இருந்தா நீங்க செய்யற தப்பையும் கொஞ்சம் தாங்கும் என்றார். அப்படியே ஒன்று வாங்கி, அதில் ஒரு வாரம் முன்பே உப்புத் தண்ணீர் கலந்து மோட்டாரை ஓடவிட்டோம். போன வியாழக்கிழமை காலை மாற்றினோம். பழைய தொட்டித் தண்ணீரையே வாளிகளில் பிடித்து, அதற்குள்ளேயே கல்லை வைத்துப் பல் துலக்கும் பிரஷால் பாசியைத் தேய்த்து எடுத்தேன். குழாய்த் தண்ணீரில் கழுவினால் கல்லில் குடியிருக்கும் நல்ல கிருமி செத்துப்போய், பின்னாலேயே மீனும் போய்விடுமாம். அடி மணலை அள்ளிக் கொட்டிவிட்டோம், அதில் பதினோரு வருட அழுக்கு. கல், பவளம் எல்லாம் போன பிறகு கடைசியாக இன்ஸ்பெக்டர். வாளியில் விட்டு, புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் இறக்கிப் பழக்கினோம். உள்ளே விட்டதும் பின்பக்கக் கல் இடுக்கில் போய் ஒளிந்துகொண்டது.

ஆறு நாள் வெளியே வரவில்லை. போட்ட தீனி அப்படியே மிதந்தது, வலையால் எடுத்துவிடுவேன். பெரிய மனிதர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இரங்கல் செய்தியை முன்கூட்டியே எழுதிவைப்போம், அந்தப் பழக்கத்தில் இன்ஸ்பெக்டருக்கும் ஒன்று, உனக்குக் கடிதமாக எழுதத் தொடங்கினேன். அன்புள்ள கண்ணாவுக்கு என்பதற்கு மேல் ஓடவில்லை. நேற்று பகல், விழுந்து கிடந்த பவளத்தை நிமிர்த்தக் கையை விட்டேன், சுருக்கென்று ஏதோ கடித்தது. பார்த்தால் இன்ஸ்பெக்டர்! என் கை அவர் எல்லைக்குள் வந்துவிட்டதாம். அத்தனை சந்தோஷத்தில் ஒரே ஒரு சிட்டிகைதான் போட்டேன், கடைக்காரரிடம் நீ விசாரித்துக்கொள்ளலாம். புதுக் கண்ணாடியில் பழுப்பாகத் தூசி மாதிரி படிகிறது, அது போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார். இத்துடன் படம் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை சந்தேகம் வேண்டாம், தொட்டிப் பக்கத்தில் இன்றைய பேப்பரைத் தேதி தெரியும்படி சாய்த்து வைத்து எடுத்தேன்.

விளக்குக்கு டைமர் போட்டுக் கொடுத்திருக்கிறார். காலை பதினொன்றுக்கு எரிந்து, மாலை ஏழுக்கு டக்கென்று அணைந்துவிடும். அதைத் தொடக்கூடாது என்பது உத்தரவு. ஏழு மணிக்கு மேல் ஹாலில் நானும் மோட்டார் சத்தமும்தான். டியூப்லைட்டைப் போட்டால் எதிர்ச் சுவர்தான் தெரிகிறது.

நல்ல உடம்போடும் நிம்மதியோடும் இரு, வேலையில் பெயரெடு, அம்மாவின் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும். காலில் சாக்ஸ் இல்லாமல் வெறும் தரையில் நடக்காதே. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இங்கே மாலை ஏழு என்றால் உனக்கு அங்கே மதிய இடைவேளை, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். தினமும் வேண்டாம், முடிகிற நாளில் ஏழு ஐந்துக்குக் கூப்பிடு. தொட்டி இருட்டாக இருக்கும், அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது. நீ மதியம் என்ன சாப்பிட்டாய் என்று சொல், போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா