கொளுத்திப் பாரு

இன்று காலை கடையில் மயிர் கருகின வாசனை வந்தது. வாலாஜாபாத்திலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களுக்கு, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவி, தீக்குச்சி கிழித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "பொடியாவுது பாருங்கம்மா. ஒரிஜினல் பட்டு. நைலானா இருந்தா உருண்டுக்கும்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நான் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அவள் நிற்பது உன் இடம். இருபது வருஷம் நாம் இரண்டு பேரும் அந்த ஒரே கவுண்டரில் நின்றோம். எந்த இழையானாலும் விரலில் உருட்டியே பட்டா இல்லையா என்று சொல்லிவிடுவாய். நான் வேண்டுமென்றே இல்லை என்பேன். உன்னைச் சீண்டுவதில் எனக்கு அப்படி ஒரு ருசி. உடனே நம்மில் ஒருத்தி "கொளுத்திப் பாரு" என்பாள். போகப்போக அந்த வார்த்தை புடவையை விட்டுவிட்டு எங்கும் நம்மோடு வந்தது. மழை வருமா, செவிலிமேடு பஸ் நிற்குமா, முதலாளி இன்று சிரிப்பாரா, எதில் வழக்கு வந்தாலும் முடிவு "கொளுத்திப் பாரு"தான். நம் இரண்டு பேருக்கு மட்டுமே அர்த்தமான வார்த்தை அது. உன் மகனுக்குக்கூடத் தெரியாது.

அவன்தான் நம்மை அழைத்தான். பசிபிக் கடலில், வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற தீவில் படகுத்துறை கட்டும் வேலை அவனுக்கு. அப்பா முகம் தெரியாமல் வளர்ந்தவன், முதல் சம்பாத்தியத்தில் அம்மாவுக்கு உலகத்தைக் காட்ட ஆசைப்பட்டான். அவனுக்கு நான் சித்தி. "தனியா வரமாட்டீங்க. சித்தியையும் கூட்டிக்கினு வாங்கம்மா" என்றான். உன் கைப்பையில் கற்பூரமும் தீப்பெட்டியும் இல்லாத நாளே கிடையாது. சென்னை விமான நிலையத்தில் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். தீவில் இறங்கியதும் முதல் கடையிலேயே வேறொன்று வாங்கினாய். நான் கேலி செய்தேன்.

முதல் இரண்டு நாளும் நல்லபடியாகத்தான் போயின. அருவிக்குக் கீழே புடவையோடு நின்று குளித்தோம். கண்ணாடித் தண்ணீருக்கு அடியில், இரண்டாம் உலகப் போரில் விழுந்த ஒரு விமானம் கிடந்தது. விமானி உட்கார்ந்த இடத்தில் மஞ்சள் மீன்கள் போய்வந்தன. கரையில் துருப்பிடித்த டாங்கி ஒன்றின் வயிற்றைப் பிளந்துகொண்டு தென்னை வளர்ந்திருந்தது. "இவ்ளோ அழகான எடத்துல இன்னாத்துக்குடி அடிச்சிக்கினாங்க?" என்று கேட்டாய். அந்த மீன்களைப் பார்த்ததிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை, அதை உன்னிடம் சொல்லவுமில்லை.

மூன்றாம் நாள் மகனுக்கு வேலை. அந்தத் தீவுக்காரர் ஒருவரைத் துணைக்கு அனுப்பினான். வழிகாட்டுவதே தொழிலாக இருந்த பெரியவர். பீரங்கி இருக்கிற குன்றுக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் குடிசைகளில் அடுப்பு புகைந்தது. குன்றில் மட்டும் ஒரு புகைகூட இல்லை. சண்டையில் விட்டுப்போன வெடிகள் மண்ணுக்குள் கிடப்பதால் அங்கே யாரும் அடுப்பே மூட்டுவதில்லை என்றார். சிவப்புப் பூசிய கற்களைக் காட்டி, அதைத் தாண்டாதீர்கள், எதையும் தொடாதீர்கள் என்று நமக்குப் புரிகிற ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னார். நமக்கு இளநீர் வெட்டிவரக் கீழே இறங்கினார்.

பீரங்கிக்குப் பின்னால் மலையைக் குடைந்து கட்டிய சிமெண்ட் அறை. சிவப்புக் கல்லுக்கு அந்தப்பக்கம் நாலே எட்டு. வாசலிலிருந்து எட்டிப் பார்த்த நீ உள்ளே போய்விட்டாய். ஓர் இரும்புப் பீப்பாய் வாய்பிளந்து கிடந்தது. அதற்குள் தலையணை அளவில் ஒரு துணிப்பை. ஓரம் பிரிந்து, சேமியாக் குச்சி மாதிரி ஏதோ தரையெல்லாம் கொட்டியிருந்தது. உனக்கு அந்தக் குச்சிகள் கண்ணிலேயே படவில்லை. கடைக்காரிக்குத் துணிதானே தெரியும். இரண்டு விரலில் அதை உருட்டினாய்.

"ஏய், இது பட்டுடி!"

"போடி. சண்டைக்கு வந்தவன் பட்டுல பை தைப்பானா?"

"சத்தியமா பட்டு. கை சொல்லுது."

வாசலில் நின்றுகொண்டு, சிரித்துக்கொண்டு, இருபது வருஷப் பழக்கத்தில் நான் சொன்னேன்: "கொளுத்திப் பாரு."

நீ இழையை உருவிக் குச்சியைக் கிழித்தாய். நுனி கருகியது. முகர்ந்தாய். "பட்டுதான்டி" என்று என்னைப் பார்த்தபோது உன் முகத்தில் எவ்வளவு சந்தோஷம்! வழக்கம்போலக் குச்சியை உதறிக் கீழே போட்டாய். கடைத் தரையில் அது அணைந்துவிடும். அங்கே ஒரு சீறல் கேட்டது. வெடிச் சத்தம் எதுவுமில்லை. அறை முழுக்க மஞ்சளாகி, நீ அதற்குள் இருந்தாய்.

பீரங்கிக்கான வெடிமருந்துக் குச்சிகளைப் பட்டுப் பையில்தான் கட்டுவார்களாம். பட்டு கனலாமல் எரிந்து தீர்ந்துவிடுமாம். மருத்துவமனையில் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆயுசு முழுக்கப் பட்டு விற்ற நமக்கு இது தெரியாது.

இரண்டு நாள் இருந்தாய். வழிகாட்டியவர் வராந்தாவிலேயே உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் உன் தலைமாட்டில் குனிந்து, "எப்படிம்மா ஆச்சு?" என்றான். கட்டுக்குள்ளிருந்து உன் குரல் தெளிவாகத்தான் வந்தது. "அந்த மனுசன் மேல தப்பில்லப்பா. சித்தியும் வேணாம் வேணாம்னு தலப்பாடா அடிச்சிக்கிச்சி. நான்தான் கேக்கல."

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் நீ போய்விட்டாய்.

போன வாரம் உன் திதிக்காக மகன் மனைவியோடு வந்திருந்தான். வருஷா வருஷம் போல எனக்குப் புடவையும் பழமும் வைத்த தட்டோடு வந்தான். "சித்தி சொன்னத அம்மா கேட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாங்க" என்று மனைவியிடம் சொன்னான். இந்த முறை எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, அன்னிக்கு ஆஸ்பத்திரில உங்கம்மா சொன்னது..." என்று தொடங்கினேன்.

"தெரியும் சித்தி. அதையேதான் நெனச்சிக்கினு இருக்கேன். அம்மா எங்கிட்ட ஒரு பொய்கூட சொன்னதில்ல. கடைசி வார்த்தையும் நெஜமாவே சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு அது போதும்."

தட்டை வாங்கிக்கொண்டேன். நான் நிஜத்தைச் சொன்னால் அவனுடைய அம்மா பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னாயா, இல்லை என்மேல் இருந்த பிரியத்தில் வாயில் வந்ததைச் சொன்னாயா? எதுவானாலும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவள் நான்தான். சில நாள் உன்மேல் கோபம்கூட வருகிறது.

கிளம்பும்போது அவன் தரையில் விழுந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "நல்லா இருப்பா" என்று அவன் தலையில் கை வைத்தேன்.