ஹெஸ்டர் பிளம் எழுதிய சீட்டு

அக்டோபர் 10, வியாழன்

முட்டை ஏழு. ஹெஸ்டர் பிளம் இரண்டு நாளாக நொண்டுகிறாள். சாப்பிடும்போது லாய்டிடம் சொன்னேன். "இந்தத் தடவை டைகர் மாத் விமானம் ரெண்டு வருது," என்றான்.

என் எட்டுக் கோழிகளுக்கும் மனுஷிகளைப் போல முழுப்பெயர் வைத்திருக்கிறேன். அவனுக்கு எல்லாமே 'கோழி'தான். கல்யாணமாகி முப்பத்தொரு வருடம், நான் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. வாய் ஓயாதவனுக்குக் காது எதற்கு?

நாளை மறுநாள் விமானக் காட்சி. பத்தொன்பதாவது வருடமாக மைக் அவன் கையில்.

அக்டோபர் 11

குளியலறையில் லாய்டின் ஒத்திகை. ஓடுபாதையில் செம்மறியாடு புகுந்த கதை இந்த வருடமும் உண்டு. கடவுளே.

அக்டோபர் 12, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

வழக்கம்போலப் பக்கத்து வீட்டு கோரலும் நானும் மடக்கு நாற்காலிகளை வேலியோரம் போட்டோம். நான் யாருடைய மனைவி என்று தெரியாத வெளியூர்க்காரர்கள் சுற்றிலும். அவர்கள் பேச்சைக் கேட்பதற்கே தனியாக டிக்கெட் வைக்கலாம்.

"இந்த ஆளு மூச்சே விடமாட்டானா?"

"அட, அவன் இல்லைன்னா எது எந்த விமானம்னு உனக்கு யார் சொல்றது?"

"போன வருஷமும் இதே ஆடுதான்யா ஓடுச்சு!"

நான் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஸ்பிட்ஃபயர், பழைய போர் விமானம். வருடம் முழுக்க நான் காத்திருப்பது அந்தச் சத்தத்துக்குத்தான். காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் வந்து உட்காரும். அது சரியாகத் தலைக்கு மேலே வந்தபோது என் புருஷன் சொன்னது: "வெள்ளை டொயோட்டாக்காரரே, விளக்கை அணைக்காம வந்துட்டீங்க. டீக்கடையில ஸ்கோன் பன் இன்னும் பதினஞ்சுதான் மிச்சம்." விமானம் போய்விட்டது. இன்னும் ஒரு வருடம்.

இந்த வருடம் கமிட்டித் தலைவர் நெவில் ஒரு புது யோசனை செய்திருந்தார். கருத்துச் சீட்டு. காட்சியைப் பற்றி எழுதி, பெயர் போட்டுப் பெட்டியில் போட வேண்டும். குலுக்கலில் ஒரு சீட்டுக்கு, சாஸேஜும் கறியும் அடுக்கிய இறைச்சித் தட்டு பரிசு. எங்கள் ஊரில் இறைச்சித் தட்டு இல்லாமல் எதற்கும் ஆள் அசையாது. இருந்த எரிச்சலில் எழுதினேன்: "ஸ்பிட்ஃபயர் போகும் ஒரு நிமிடமாவது அந்த மனிதர் வாயை மூடக் கூடாதா? அவரோடு வாழ்கிறவர்கள் பாவம்." பெயர் என்ற இடத்தில் கை நின்றது. பின்னால் வரிசை நிற்கிறது. ஹெஸ்டர் பிளம் என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

நெவில் வீட்டில் உட்கார்ந்து படிப்பார் என்றுதான் நினைத்தேன். குலுக்கல் மைக் முன்னால் நடக்கும் என்று யோசிக்கவில்லை. சீட்டை எடுக்கப்போவது யார் என்றும் யோசிக்கவில்லை.

கையில் எதைக் கொடுத்தாலும் சத்தமாக வாசிப்பவன் லாய்ட். மருந்துப் புட்டியில் இருப்பதைக்கூட வாசிப்பான். டிரெய்லர் மேடையில் நின்று எடுத்தான், வாசித்தான். பாதியில் குரல் இறங்கியது, ஆனாலும் கடைசிவரை வாசித்தான். மைதானமே கை தட்டியது. கோரலும் தட்டினாள்!

"ஹெஸ்டர் பிளம் அவர்களே, டிரெய்லர்கிட்ட வாங்க." மூன்று முறை கூப்பிட்டான். யார் வருவது?

அக்டோபர் 13

வெயிலில் கெட்டுவிடும் என்று தட்டை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். இரவுக்கு அந்த சாஸேஜ்தான்.

"ஹெஸ்டர் பிளம்னு நம்ம ஊர்ல யாராவது இருக்காங்களா, நோரீன்?"

"தெரியலையே."

"சாஸேஜ் எப்படி?"

"நல்லாருக்கு."

அதோடு பேச்சு முடிந்தது.

அக்டோபர் 22

லாய்ட் பேசுவதில்லை. கேட்டால் பதில் வருகிறது, அவ்வளவுதான். குளிர்பெட்டி உறுமுவது கேட்கிறது. இத்தனை வருடம் இந்த அமைதிக்குத்தானே ஏங்கினேன்? சகிக்கவில்லை.

நவம்பர் 6

நெவில் சீட்டுப் பெட்டியோடு வந்தார். மொத்தம் அறுபத்து மூன்று. பேச்சு அதிகம் என்று பத்தொன்பது பேர். பேச்சு போதாது என்று பதினேழு பேர். ஒலிபெருக்கியே கேட்கவில்லை என்று நான்கு பேர். அவர்கள் கழிப்பறைப் பக்கம் உட்கார்ந்தவர்களாக இருக்கும். ஆட்டுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று ஒருவர். மீதி எல்லாம் ஸ்கோன் தீர்ந்துபோன வயிற்றெரிச்சல்.

லாய்ட் எதையும் தொடவில்லை. "நான் விலகிக்கிறேன் நெவில். அந்தம்மா சொன்னதுதான் சரி."

"யாரோ ஒரு கிழவி, குசும்புக்கு எழுதியிருக்கா. விடுய்யா!"

"கிழவின்னு நீங்க பாத்தீங்களா?" என்று நான் சீறிவிட்டேன். நெவில் திரும்பிப் பார்த்தார். லாய்ட் பார்க்கவில்லை. தேநீர் போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 18

கமிட்டிக் கூட்டம். இங்கே ஒரு வழக்கம் உண்டு, ஏதாவது பதவி காலியாக இருந்தால் யாரும் கூட்டத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்து போனவன் தலையில் கட்டிவிடுவார்கள். மாட்டுச் சந்தையில் ஏலம் விடும் கிரஹாம் அடக்க முடியாமல் கழிப்பறைக்குப் போனான். திரும்பி வந்தபோது புது அறிவிப்பாளன்.

மார்ச் 29

ஆடு மேய்க்கும் நாய்களின் போட்டியில் கிரஹாமுக்கு ஒத்திகை. ஒரு நாய் மந்தையை வளைத்துக்கொண்டு வந்ததுமே பழக்கதோஷத்தில் ஏலத்தை ஆரம்பித்துவிட்டான். இரண்டு பேர் விலையும் கேட்டுவிட்டார்கள். நாயின் சொந்தக்காரன் டிரெய்லர்மேல் ஏறி மைக்கைப் பிடுங்கினான். கிரஹாம் ராஜினாமா.

எல்லோரும் லாய்டைப் பார்த்தார்கள். அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னால்தான், என்னால்தான் இத்தனையும்.

மார்ச் 30

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவன் கோழிக்கூட்டுக் கதவுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"லாய்ட், ஒண்ணு சொல்லணும்."

சுத்தியலைக் கீழே வைத்தான். முழுசாக என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சொல்ல வந்ததை மாற்றிவிட்டேன்.

"நீ இல்லைன்னா... எது டைகர் மாத், எது என்னன்னு எனக்கே தெரியாது. நீயே பேசு."

"நெசமாவா சொல்ற?"

"நெசமா."

"வேற எதுவும் இல்லையா?"

"இல்ல."

சுத்தியலை எடுத்துக்கொண்டான். "நெவிலுக்குப் போன் பண்றேன்." கோழையடி நீ, நோரீன்.

அக்டோபர் 7, செவ்வாய்

முட்டை ஏழு. ஹெஸ்டர் பிளம் இன்று போடவில்லை. சாப்பிடும்போது சொன்னேன். "எரிபொருள் வண்டி லேட்டா வருமாம்," என்றான் லாய்ட். பழைய லாய்ட் திரும்பிவிட்டான். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

அக்டோபர் 11, சனி

காலையிலிருந்து ஆடு, டொயோட்டா, ஸ்கோன் எல்லாம் வந்தது. மூன்று மணிக்கு ஸ்பிட்ஃபயர் மேற்கே திரும்பியதும் ஒலிபெருக்கி நின்றது. பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன். விமானம் தாழ வந்தது. மைதானத்தில் வேறு சத்தமே இல்லை. அந்த ஒலி முழுசாக வந்து, நெஞ்சில் உட்கார்ந்து, போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சத்தம் அடங்கியபின் மைக் கரகரத்தது. "அது ஹெஸ்டர் பிளம் அம்மாவுக்காக. அம்மா, போன வருஷத்து இறைச்சித் தட்டு உங்களுக்குப் பாக்கி இருக்கு, டிரெய்லர்கிட்ட வந்து வாங்கிக்குங்க. செவ்வாய்க்கிழமைலேர்ந்து நீங்க முட்டை போடறதில்லன்னு கேள்விப்பட்டேன். உடம்பப் பாத்துக்குங்க."

"என்னடி உளர்றான் உன் புருஷன்?" என்றாள் கோரல்.

செவ்வாய் என்று சரியாகச் சொன்னான். அப்படியானால் நான் சொன்னதெல்லாம் காதில் ஏறியிருக்கிறது, சீட்டை எழுதியது யார் என்று முதல் நாளிலிருந்தே தெரியும். அந்த சாஸேஜை எனக்குப் பரிமாறும்போதே தெரியும்.

எழுந்தேன். ஆயிரம் பேர் பார்க்க மைதானத்தைக் குறுக்கே கடந்தேன். அவன் ஒரு நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், மைக்கிலேயே கேட்டான்: "பேரு?"

"ஹெஸ்டர் பிளம்," என்றேன்.

அக்டோபர் 12

முட்டை எட்டு. மற்ற ஏழு கோழிகளின் பெயர்களையும் லாய்டிடம் கேட்டேன். வரிசையாகச் சொன்னான். ஒன்றுதான் தப்பு.