குப்பிக்குள் மாறிய உப்பு

என் அருமை மாப்பிள்ளை முருகேசா,

ஆயுதபூஜையன்று நீ மெஷின் துடைத்த பனியன் துணியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியில், சீசியத்தோடு பேரியமும் இருக்கிறது. மும்பை ஆய்வகத்திலிருந்து ஓசூர் வந்திருந்த அதிகாரி இன்று காலை என்னிடம் நேரில் சொன்னார். இதுவரை உறுதியானது இவ்வளவுதான்.

உங்கள் இரும்பு வார்ப்பு ஆலையில் மணல் தொட்டியின் பக்கவாட்டில் ஒரு பெட்டி இருந்ததே, அதைப் பற்றித்தான் சொல்கிறேன். தொட்டியில் மணல் எவ்வளவு இருக்கிறது என்று கதிர்வீச்சை வைத்துக் காட்டும் பழைய கருவி அது. அதற்குள் ஓர் எஃகுக் குப்பி, குப்பிக்குள் கதிர் வீசும் சீசியம் குளோரைடு என்ற உப்பு. பெட்டியின் நெற்றியில் எச்சரிக்கைக் குறியும் இருந்திருக்கிறது. வருடா வருடம் அதன்மேலேயே சந்தனம் பூசிப் பொட்டு வைத்து அதை மூடிவிட்டீர்கள். நீ மட்டுமல்ல, உனக்கு முன் அந்த ஷிஃப்டில் இருந்தவர்களும்தான்.

நீ பெட்டியைத் திறந்து துடைத்தாய். அதே கையால் எல்லோருக்கும் பொரிகடலை கொடுத்தாய், நீயும் சாப்பிட்டாய். கை வெந்து, வாந்தி நிற்காமல், பெங்களூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் என்னைக் கிண்டல் செய்தாய். "என்னா மச்சான், பஸ்ஸு கவுந்தாத்தானே உங்க பேப்பர்ல எங்க ஊரு பேரு வரும்? இப்ப நானே கவுந்துட்டேன், போட்டுக்க." நான் சிரித்தேன். நீ பிழைத்துவிடுவாய் என்று நினைத்துத்தான் சிரித்தேன்.

இப்போது நிர்வாகம் சொல்வது வேறு. நீ பெட்டியைச் சுத்தியலால் தட்டிக் குப்பியை உடைத்துவிட்டாயாம். நீயும் செத்து, மற்றவர்களுக்கும் பரப்பிவிட்டாயாம்.

அப்படியானால் பேரியம் எங்கிருந்து வந்தது? அதை யாரும் உள்ளே போடவில்லை என்கிறார் அதிகாரி. "சீசியம் சிதையுறப்ப ஒவ்வொரு அணுவா பேரியமா மாறிடும் சார். வெறும் கதிர் மட்டும் வெளிய வரல, உள்ள இருக்குற பொருளே வேற ஆகுது. சீசியத்துக்கு ஒரு குளோரின் போதும், பேரியத்துக்கு ரெண்டு வேணும். கணக்கு ஒத்து வராது. அடைச்சப்ப இருந்த உப்பு இப்ப அங்க இல்ல." குப்பி வெகுகாலப் பழையது என்பதற்குப் பேரியமே சாட்சி.

மாறிப்போன அந்த உப்பு எஃகை உள்ளிருந்தே அரித்திருக்குமா என்று கேட்டேன். ஈரம் சேர்ந்தால் குளோரைடு எஃகை அரிக்கும், அது தெரியும் என்றார். இந்த மாற்றம் அதற்குத் துணை போயிருக்குமா? "தெரியாததைச் சொல்ல மாட்டேன்" என்றார். என் வாழ்நாள் முழுக்க இப்படிப் பேசுகிறவர்களைத்தான் தேடி அலைந்திருக்கிறேன். இன்று அவர் சட்டையைப் பிடித்து, ஆமாம் என்று சொல்லுங்கள் என உலுக்கத் தோன்றியது.

உன்னோடு வேலை செய்த முனிரத்தினத்திடமும் போனேன். அவன் விரல்களிலும் தோல் உரிகிறது. "மூடி டைட்டா இருந்துச்சுண்ணா, ரெண்டு தட்டு தட்டினான். அது நெஜம்" என்றான். தட்டுவதற்கு முன்பே பொடி இருந்ததா, பிறகு வந்ததா என்று கேட்டேன். "யாருண்ணா பாத்தாங்க? பொரிக்குக் கையை நீட்டிகினு நின்னோம்." பிறகு அவனே சொன்னான்: "அவன்மேல எனக்குக் கோவம் இல்லண்ணா. கோவப்படறதுக்கு அவன் இருந்தாத்தானே."

சரசு சாமல்பட்டியில் உன் வீட்டிலேயே இருக்கிறாள். தெருக்குழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொள்கிறார்கள். போன ஞாயிறு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊரையே கெடுத்துட்டுப் போனாருன்னு சொல்றாங்கண்ணா. நீ பேப்பர்காரன்தானே? அவரு ஒடைக்கலன்னு ஒரு வரி எழுதேன்" என்றாள்.

எழுதவில்லை. எழுத முடியவில்லை, மாப்பிள்ளை. என் தங்கைக்கு ஒரு வரி தர முடியாதவன் எதற்கு இத்தனை வருடம் பேனா பிடித்தேன்? நீ என்றால் என்ன செய்திருப்பாய்?

குப்பியைக் கல்பாக்கத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கனமான கண்ணாடிக்குப் பின்னால் வைத்து அறுத்து, உட்சுவரை உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். குழிகுழியாக அரிப்பு இருந்தால் உன் கை படுவதற்கு முன்பே அது ஓட்டை. அரிப்பே இல்லாமல் பிளந்திருந்தால் நீ தட்டியதில் உடைந்தது. பொங்கல் கழிந்த வாரம் தெரியும் என்கிறார்கள்.

எது வந்தாலும் அதை அப்படியே எழுதுவேன். நீ உடைத்திருந்தால் உடைத்தாய் என்றே எழுதுவேன். அதற்கு அடுத்த வரியில், அதற்குள் என்ன இருக்கிறது என்று உன்னிடம் ஒருவரும் சொல்லவில்லை என்றும் எழுதுவேன். அச்சாவதற்கு முன் சரசுவுக்கு நானே வாசித்துக் காட்டுவேன்.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
உன் மச்சான் சின்னசாமி