சரோஜாவுக்கு வந்த வெள்ளைப் பூ

9 நவம்பர், ஞாயிறு

காலை முதல் தூறல். இதெல்லாம் நடக்கும் என்று ஆடி மாதமே சொன்னவன் நான். மழை, பிச்சாட்டூர் ஏரி நிரம்புவது, சரோஜா கழுத்தில் கட்டி, எல்லாம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. (சரோஜா என் சம்சாரம். இனி ச. மை மிச்சம்.)

கட்டி நெல்லிக்காய் அளவு. மச்சானிடம் எலுமிச்சை என்று சொல்லிவைத்தேன். சின்னதாகச் சொன்னால் எவனும் எட்டிப் பார்ப்பதில்லை.

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். கங்கம்மனிடம் பூ போட்டுக் கேட்டுவிட்டுப் போகலாம் என்றாள் ச. வெள்ளை வந்தால் நல்லது, சிவப்பு வந்தால் ஆகாது. பூசாரிக்குக் கை நடுக்கம், அதனால் பூ வைக்கும் இரண்டு இலைப் பொட்டலத்தையும் நானே மடித்தேன். இந்த மண்டலத்தில் என்னைப்போல் இலை மடிக்க ஆள் இல்லை. ச. கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வெள்ளை அரளி. நான்தான் சொன்னேனே. மற்றதைப் பிரித்தால் அம்மனுக்கு ஆகாது என்று கிணற்றில் போட்டேன். சாஸ்திரம். பூசாரிக்கே தெரியவில்லை.

ச. மூன்று தோசை சாப்பிட்டாள். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

10, திங்கள்

6.10 பஸ், புத்தூர் வழி. எடுத்துப்போனவை: ஆதார் 2, ரேஷன் கார்டு, பழைய ஸ்கேன், புளிசோறு, போர்வை. குடை மறந்தாச்சு.

டாக்டரம்மா சின்ன வயது. எல்லாம் தெலுங்கில். நான் கேட்ட கேள்விகளில் அசந்துபோய், நீங்கள் மெடிக்கல் லைனா என்றார். (கேட்பது போலத்தான் பார்த்தார்.) ஊசி குத்தும்போது என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். தரையில் டைல்ஸ் எண்ணினேன். 212. மறுபடி எண்ணினால் 209. பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மா போனில்: "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. இப்போ பாரு." எழுந்து தூரத்து பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை.

12, புதன்

மழை விட்டது. நெல்லுக்கு யூரியா போட வேண்டும். போடவில்லை.

டீக்கடையில் விசாரித்தார்கள். தொண்ணூற்றொன்பது பர்சன்ட் ஒன்றுமில்லை, டாக்டரே என் தோளைத் தட்டிச் சொன்னார் என்றேன். எல்லோரும் நம்பிவிட்டார்கள். நான் ஒருவன்தான் பாக்கி.

ச. தூங்கும்போது கழுத்தையே பார்த்தேன். வளர்ந்திருக்கிறதா? விரலால் அளக்கப் போனேன், விழித்துக்கொண்டாள். கொசு என்றேன்.

14, வெள்ளி

மறுபடி திருப்பதி. கவுன்ட்டரில், "இங்கா ராலேது. சோமவாரம் ரண்டி." இன்னும் வரவில்லையாம், திங்கள் வா என்கிறான். ஆஸ்பத்திரியே அதிரும்படி ஒரு கேள்வி கேட்டிருப்பேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் ச. கொய்யா வாங்கினாள்.

"இன்னாயா, மூஞ்சி இப்டி வெளுத்துப் போயிக் கீது?"

வெயில் என்றேன். மேகமூட்டம்.

"பூ தான் சொல்லிடுச்சே. அப்புறம் இன்னா?"

"ஒருவேள செவப்பு வந்திருந்தா?"

கொய்யாவில் தூவிய உப்பைத் துடைத்தபடியே சொன்னாள்: "வந்திருந்தாலும் ஊசி குத்திக்கினு தான் இருப்பேன். வர்றத நானு நிறுத்த முடியுமா? நீதான் துன்னாம தூங்காம கெடந்த. உனக்கோசரம் தான் பூ போடலாம்னேன்."

பாதிக் கொய்யாவை என் கையில் வைத்தாள். தின்றேன். ஐந்து நாளில் முதல் முறையாக ருசி தெரிந்தது.

15, சனி

தூறல். யூரியா போட்டாச்சு. ரிப்போர்ட் திங்கள், 6.10 பஸ். அதுவரை என்னால் ஆவது ஒன்றும் இல்லை.

ச. களை எடுக்கப் போயிருக்கிறாள். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, இங்கே எழுதுகிறேன். மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை. இரண்டிலும் வெள்ளைதான் வைத்தேன். செவ்வரளி என் சட்டைப்பையில் இருந்தது. அம்மனை நான் சொல்லவே விடவில்லை.