மாட்டின் மேல் விழ வேண்டிய பார்வை

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. ஒரு மாதமாகத் தொண்டைக்கட்டு. கல்லிடைக்குறிச்சியில் நான் இத்தனை நாள் வாயை மூடியிருந்ததில்லை. தெருவே நிம்மதியாக இருப்பதாகக் கேள்வி. நேற்று பாளையங்கோட்டை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, துணுக்குச் சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். தனியாகத்தான் போனேன். வீட்டுக்காரி சிவகாமியிடம் சளி என்று சொல்லிவைத்திருக்கிறேன். முடிவு அடுத்த வாரம்.

வாங்க வேண்டியது: பனங்கற்கண்டு, கொசுவர்த்தி.

ஜூன் 11, புதன்

சாயங்காலம் சிற்பப் பட்டறை. தெருக் கோவிலுக்குப் புதிய அம்மன். மயிலாடியிலிருந்து வந்த ஸ்தபதி எல்லாம் முடித்துவிட்டார், கண் மட்டும் பாக்கி. மேல் கைகளில் பாசம், அங்குசம். கட்டக் கயிறு, அடக்கத் துரட்டி. சிவகாமிக்கு இதெல்லாம் தேவைப்பட்டதே இல்லை. கீழே, உயர்த்திய வலக்கை 'அஞ்சாதே'. தாழ்ந்த இடக்கை 'கேள், தருகிறேன்'. கோவில் தலைவர் சங்கரலிங்க அண்ணாச்சி அதை வாங்குகிற கை என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

கண்ணில்லாத முகத்துக்கு எதிரே சும்மா நின்றேன். பயமாக இல்லை. பார்க்காதவரை சௌகரியம்தான். டாக்டரும் அப்படித்தான்.

ஜூன் 13, வெள்ளி

பட்டறையிலேயே கண் திறப்பு. முதல் பார்வை உக்கிரம், மனிதர்மேல் விழக்கூடாது. அதனால் நேர் எதிரே பசுவை நிறுத்துவது வழக்கம். நாமெல்லாம் பக்கவாட்டில்.

தலைவர் வீட்டுப் பசு. மேளம் பிடிக்கவில்லை, திமிறியது. பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கப் போனேன். எனக்கு எதற்கு அந்த வேலை? ஒரே இழுப்பில் கயிற்றோடு அது வெளியே. அது நின்ற இடத்தில் நான் மட்டும். 'கொஞ்சம் பொறுங்க' என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சிலைமேல் குனிந்திருந்த ஸ்தபதி எதையும் கவனிக்கவில்லை. கடைசிக் கீறலும் போட்டு முடித்துவிட்டார்.

திரும்பினார். தங்க ஊசி கையிலேயே நின்றது.

"அண்ணாச்சி, எங்கன வந்து நிக்கிய?"

தலைவர்தான் காப்பாற்றினார். "மாட்டத்தான வே பாக்கணும்? பாத்துட்டா. தீவாராதனையக் காட்டுங்க."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தம் வராமல். ஸ்தபதி சிரிக்கவில்லை.

ஜூன் 14, சனி

இதை எழுதவே வெட்கம். பூனை குறுக்கே போனதென்று திரும்பி வருகிறவர்களை ஊர் முழுக்கக் கேலி செய்தவன் நான். மத்தியானம் பைய நழுவிப் பட்டறைக்குப் போய், இதற்குப் பரிகாரம் உண்டா என்று ஸ்தபதியைக் கேட்டேன். தன் அனுபவத்தில் இப்படி நடந்ததில்லை, தெரியவில்லை என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

பூக்காரி மூலம் சிவகாமி காதுக்குப் போய்விட்டது. சண்டை போடவில்லை. ரசத்துக்கு உப்பும் போடவில்லை.

ஜூன் 16, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். முடிவு வந்துவிட்டதாம். என்னவென்று சொல்லவில்லை. நாளை வரும்போது வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம். உடனே ஒரு ஜோக் தோன்றியது. சொல்ல ஆளில்லை. இப்போது மறந்தும் போயிற்று.

சிவகாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், சதை, போன். பாதியிலேயே அவள், "பைய பேசுங்க, தொண்ட வலிக்கப் போவுது." அவ்வளவுதான். பிறகு அலமாரியில் நல்ல சேலை தேடும் சத்தம்.

ஜூன் 17, செவ்வாய்

சாரல் இல்லை, காற்று மட்டும். பஸ்ஸுக்கென்று கிளம்பியவள் பட்டறைப் பக்கம் திரும்பினாள். அம்மனை இன்னும் கோவிலுக்கு எடுத்துப்போகவில்லை. அன்றைக்கு நான் நின்ற இடம் எது என்று கேட்டாள். காட்டினேன். அங்கேயே போய் நேருக்கு நேர் நின்றாள். கும்பிடவில்லை. இமைக்கவும் இல்லை. முதல் பார்வையெல்லாம் என்றைக்கோ தீர்ந்துபோயிற்று, இது மிச்சம் மீதி என்றேன்.

"இருக்கட்டும். பாத்தா ரெண்டு பேரையும் சேத்துல்லா பாக்கணும். ஒங்கள மட்டும் பாக்கதுக்கு அவ யாரு?"

மெயின் ரோட்டில் பஸ் நிற்காமல் போகப் பார்த்தது. வலக்கையை உயர்த்தி நிறுத்தினாள். தாழ்ந்த இடக்கையில் என் மணிக்கட்டு.

சேரன்மகாதேவி தாண்டிவிட்டது. எழுத்து கோணல். பஸ் குலுக்கல் பாதி. மீதி, அவள் இன்னும் பிடியை விடவில்லை.