ஸ்டேஷனிலிருந்து திரும்பாத தம்பிக்கு

என் கண்ணு கதிரு,

நீ போன பிறகு உன்னிடம் பேசாத நாளில்லை. அடுப்படியில் பேசுவேன், தையல் மெஷினில் குனிந்திருக்கும்போது மனதுக்குள் பேசுவேன். இன்றைக்குச் சொல்ல வேண்டியது பெரிதாக இருக்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வேலம்பாளையத்தில் நம் வீடு அப்படியேதான் இருக்கிறது. நீ ஓட்டிய கம்பெனி வேனை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். நல்ல மனிதர்தான். ஆனாலும் நான் அதில் ஏறுவதில்லை, டவுன் பஸ்ஸில்தான் போகிறேன். வாசலில் ஹாரன் அடித்து, "ஏனுங்க மகாராணி, இன்னிக்கு லீவுங்களா?" என்று இனி யார் கூப்பிடப் போகிறார்கள்?

அன்று காலை டீக்கடையில் வைத்து உன்னைக் கூட்டிப்போனார்கள். கம்பெனி குடோனில் துணி ரோல் காணோமாம், டிரைவர் என்பதால் உன்மேல் சந்தேகமாம். அம்மாவும் நானும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். "விசாரிச்சிட்டு அனுப்பிருவோம், வீட்டுக்குப் போங்க" என்றார் வாசலில் நின்ற போலீஸ்காரர். "ஒருக்கா பாத்துட்டுப் போயிடறனுங்க சாமி" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். விடவில்லை. சாயங்காலம் போன் வந்தது. நெஞ்சுவலி, பெரியாஸ்பத்திரிக்கு வாங்க என்றார்கள்.

உனக்கு ஏதப்பா நெஞ்சுவலி? பிணவறையில் உன் பாதங்களைப் பார்த்தேன். கன்றிக் கறுத்துப்போயிருந்தன. அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று துணியை இழுத்து மூடினேன். அதற்குள் அவள் தொட்டுப் பார்த்துவிட்டாள்.

ஸ்டேஷன் கேமரா அன்றைக்குப் பார்த்து ரிப்பேர் என்றார்கள். அந்தத் துணி ரோல் கிடைத்ததா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

உனக்காக வழக்குப் போட்டு அலைந்தபோது கோர்ட் வராந்தாவில்தான் ஃபாத்திமா அக்காவைப் பார்த்தேன். பெருமாநல்லூர்க்காரர். அவர் கணவரும் விசாரணைக்கென்று போய்த் திரும்பாதவர். இருவருமாக இன்னும் சில குடும்பங்களைத் தேடிப் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறோம். நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருவரைப் பிடித்தால் உடனே வீட்டுக்குச் சொல்லுங்கள், வந்து பார்க்க விடுங்கள், கேமரா ஓடட்டும். உள்ளே ஒருவர் செத்துப்போனால் அதே போலீஸே விசாரிக்கக் கூடாது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் உன் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வழியாகப் போன பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி, "இது யாருங்கக்கா?" என்று கேட்டாள். "என்ற தம்பி, கண்ணு" என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியில் எனக்குப் பக்கத்து மெஷின் சுனிதா, பீகார்ப் பெண். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என் தம்பி... போலீஸ் கூட்டிட்டு போச்சு அக்கா." அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். ஃபாத்திமா அக்காவையும் நம் வழக்கைப் பார்க்கும் வக்கீலையும் வரச் சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன். உன்னைக் கொண்டுபோன அதே ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் புதியவர். "நீங்க யாரும்மா? உங்களுக்கு என்ன சம்பந்தம்?" என்றார்.

"போன தடவை பாக்காமத் திரும்பிப் போனவங்க சார். என்ற தம்பியப் பொணமாத்தானுங்க குடுத்தாங்க. இந்தப் பையனை நாங்க பாக்கோணுங்க. பாக்காமப் போகமாட்டோமுங்க."

அவர் உள்ளே போய்விட்டார். படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். வக்கீல் வந்து உள்ளே போய்ப் பேசினார். பொழுது சாயும்போது அவனை வெளியே விட்டார்கள். கன்னம் வீங்கியிருந்தது. ஆனால் நடந்து வந்தான் கதிரு, தன் காலால் நடந்து வந்தான். சுனிதா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"உசுரோட வந்துட்டானா?" என்றாள்.

"வந்துட்டான்மா."

"அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும்" என்று சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "அன்னிக்கு நம்மகூட வந்து நிக்க ஒருத்தரும் இல்லாமப் போயிட்டாங்களே கண்ணு" என்று அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உன் வழக்கு இன்னும் நடக்கிறது. உன்னை அடித்த போலீஸ்காரர்கள் ஜாமீனில் வெளியே வந்து வேறு ஊரில் வேலை பார்க்கிறார்கள். வாய்தாவுக்கு மேல் வாய்தா. நான் வழக்கை விடமாட்டேன். எந்த வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போனாலும் அந்த வாசலில் போய் நிற்பேன். ஒவ்வொருவனும் வெளியே வரும்போது, இது நீயாக இருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும். நான் போவேன், கண்ணு.

உன் கூடப்பிறந்தவள்,
வசந்தி அக்கா