பியட் ஓடாத தெரு

ஏப்ரல் 9

எங்கள் பியட் காரை வெளியே எடுப்பது வருஷத்துக்கு ஒரு தடவை. கிறிஸ்துமஸ் காலையில் மீஞ்சூர் சர்ச்சுக்குப் போய் வர. காலனியில் கல்யாணம் வந்தால் பெண்ணை ஏற்றிப்போக இன்னொரு தடவை. மற்ற நாளெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில்.

இதைச் சொன்னதும் விமல் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தான். லேபில் எனக்கு அடுத்த மேசை. அவன் மாமா அண்ணா நகரில் மூன்று பழைய கார் வைத்திருக்கிறாராம். "அவங்கல்லாம் ஓட்ட மாட்டாங்க. தொடைப்பாங்க."

எங்கள் பியட் அப்படி இல்லை என்றேன். ஊர்த்தெருவில் சூடாகிவிடும், இறங்கித் தள்ள வேண்டும், அதனால்தான் அதிகம் எடுப்பதில்லை. இன்னும் சிரித்தான்.

ஏன் கோபம் வந்தது எனக்கு?

ஏப்ரல் 13

குருத்தோலை ஞாயிறு. ஏஞ்சல் கல்யாணத்துக்கு நான்தான் கார் ஓட்டுவேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவள் பீட்டர் சித்தப்பா மகள். இதுவரை அப்பாவைத் தவிர யாரும் அந்த ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. மறுப்பார் என்று நினைத்தேன். "முன்னாடியே கொஞ்சம் ஓட்டிப் பழவிக்கோ" என்றார்.

பேட்டரி மாற்றினேன். எலி கடித்த ஒயரையும்.

ஏப்ரல் 26

இன்று வேலைக்கு ரயிலில் போகவில்லை. கும்மிடிப்பூண்டி வரை பியட்.

காலையில் வழக்கம்போல. காலனியிலிருந்து வந்து, ஊர்த்தெரு தொடங்கும் தண்ணீர்த் தொட்டியருகே இன்ஜினை நிறுத்தினேன். சித்தப்பாவும் இரண்டு பேரும் தள்ளினார்கள். தெரு முடியும் பால் டிப்போவைத் தாண்டியதும் சாவி போட்டேன். சித்தப்பா பானெட்டைத் தட்டி, "போய்க்கினே இரு பாப்பா" என்றார்.

போய்க்கொண்டே இருந்தேன். பொன்னேரி. தச்சூர் கூட்ரோடு. ஹைவேயில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில். கவரைப்பேட்டையில் நெரிசல், அனல், ஊர்ந்து ஊர்ந்து. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை.

மாலையிலும் தாண்டவில்லை.

பால் டிப்போவில் நிறுத்திவிட்டு சித்தப்பாவுக்கு போன் செய்து காத்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் எம்.எஸ்சி. இயற்பியல். ஹைவே வெயிலில் ஆகாத சூடு, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எப்படி ஆகும்? சின்ன வயதிலிருந்து கேட்டுவந்த ஒன்றை ஒருமுறைகூடக் கேள்வி கேட்டதில்லை.

சித்தப்பா வந்ததும் கேட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"உனக்கு இன்னும் தெரியாதா?"

பிறகு, தெருவைப் பார்த்துக்கொண்டே: "வண்டிக்கு ஒண்ணும் இல்ல பாப்பா. இது தணிகாசலம் ஊட்டு வண்டி."

ஏப்ரல் 27

சித்தப்பா சொன்னது. நேற்று எழுத முடியாதது.

தணிகாசலம்: தெரு நடுவில் மாடி வீடு, ஏரிக்கரை வரை நெல் வயல். தாத்தா அங்கே கூலி. அப்பா பவர் பிளாண்ட்டில் ஃபிட்டராகச் சேர்ந்த காலத்தில், அவர்கள் மாட்டுக்கொட்டகையில் இந்த பியட் ஓடாமல் கிடந்திருக்கிறது. அப்பா விலைக்குக் கேட்டார். கொடுத்தார்கள். ஒரு பேச்சோடு. 'எங்க தெருவுல அதுல குந்திக்கினு ஓட்டிப் போவக்கூடாது.'

அப்பா 'சரிங்க' என்றிருக்கிறார்.

முதல் கிறிஸ்துமஸில் பிள்ளைகள் நாங்கள் கேட்டதற்கு வண்டி சூடாகிவிட்டது என்று சொன்னாராம். நாங்கள் சிரித்தோமாம். அதுவே நிலைத்துவிட்டது.

நேற்று காலை நான் தெரியாமல் தள்ளச் சொன்னேன். மாலையில் தெரிந்தபிறகும் தள்ளித்தான் கொண்டுவந்தோம். சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார் — வேணாம் பாப்பா, கல்யாணம் முடியட்டும்.

நான் இறங்கி, நானும் தள்ளினேன்.

ஏப்ரல் 28

அப்பாவிடம் கேட்டேவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

தெனம் பைக்ல அந்தத் தெருவுலதான நைனா போற வர? அதுக்கு ஒண்ணும் சொல்லலயா அவங்க?

"பைக்கு ஷோரூம்ல வாங்கனது."

காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு மனுஷன் தன் வாக்கை இத்தனை வருஷம் காப்பாற்றியிருக்கிறான். அந்த வாக்கைக் கேட்டவனுக்கு ஒரு நாளாவது கூசியிருக்குமா?

மே 4

ஏஞ்சலிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம். அப்பா சொல்லாதே என்றார்.

காரணம் இருக்கிறது. காலனியில் அந்தத் தள்ளலே இப்போது சடங்கு. பெண் உள்ளே இருப்பாள். பையன்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பாட்டுப் பாடித் தள்ளுவார்கள். எல்லா வீட்டு ஆல்பத்திலும் அந்தப் போட்டோ உண்டு. வண்டியை அதிகம் பேர் தள்ளினால் பெண்ணுக்கு அதிக மரியாதை. எங்கே தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது. அழகாக்கிவிட்டார்கள். அதுதான் தாங்கவில்லை.

ஏஞ்சலும் அந்த போட்டோவுக்காகத்தான் காத்திருக்கிறாள். தள்ளாமல் போனால் கல்யாணம் மாதிரியே இருக்காது என்று போன வாரம்கூடச் சொன்னாள்.

இன்று சொல்லிவிட்டேன். மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள். முதலில் என் மேல்தான் கோபம். "கல்யாணத்துக்கு முன்னாடி இத ஏன் எங்கிட்ட சொல்ற? பேஜாரு புடிச்சவளே."

சரிதான். ஏன் சொன்னேன்?

போக எழுந்தபோது கூப்பிட்டாள்.

"நீ வண்டிய நிறுத்தாத. நான் பாத்துக்கறேன் எங்க நைனாவ."

மே 14

ஏஞ்சல் கல்யாணம். நடந்தபடி மட்டும் எழுதுகிறேன்.

அப்பா முன்சீட்டில், இறங்கித் தள்ளத் தயாராக, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். பின்னால் ஏஞ்சல், அவள் அம்மா. தண்ணீர்த் தொட்டியருகே பையன்கள் சுருட்டிய கையோடு. சித்தப்பா நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். ஏஞ்சல் ஜன்னலில் தலையை நீட்டி, வழிவிடு நைனா என்றாள். விலகினார்.

இரண்டாவது கியர். அப்பாவின் கை சாவிக்குப் போனது. பழக்கம்தான். சாவியைப் பிடித்துக்கொண்டார், திருகவில்லை.

"கைய எடு நைனா."

எடுத்தார்.

மாடி வீட்டு வாசலில் தணிகாசலம் பிளாஸ்டிக் நாற்காலியில். எழுந்தாரா, எழப் பார்த்தாரா, தெரியாது. நான் ரோட்டைப் பார்த்தேன். பையன்கள் பின்னால் ஓடி வந்தார்கள், என்ன செய்வதென்று தெரியாமல், பாட்டு மட்டும் பாடிக்கொண்டு.

தெரு பாதி கடந்திருக்கும். அப்பா முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

"மூணாவது போடு. இன்ஜின் திணறுது பாரு."

மே 15

டீக்கடையில் தணிகாசலத்தின் மகன் அன்புசெல்வன் அப்பாவைப் பிடித்துக்கொண்டாராம். "இன்னா ஸ்டீபன், குடுத்த பேச்ச மாத்திட்ட?"

அப்பா டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாராம். சித்தப்பா இதை நாலு முறை நடித்துக் காட்டினார்.

"பேச்சு குடுத்தது நான். வண்டி இப்போ என் பொண்ணுது. அதுகிட்ட கேட்டுக்கோ."

கேட்கட்டும்.

மே 16

யாரும் வந்து கேட்கவில்லை. தார்ப்பாயை மடித்து எடைக்குப் போட்டேன். பியட்டில் வேலைக்குப் போனேன், ஊர்த்தெரு வழியாக.